காணாமல் போன கடல் விமானம்: 2005-இன் விளையாட்டு, 2024-இன் விண்டோஸ்

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது 2005 ஜூனில். அதாவது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. அதற்கப்புறம் விஸ்டா, 7, 8, 10 என்று எல்லாவற்றையும் எப்படியோ தாண்டி வந்துவிட்டது. மவுஸ் மக்கர் செய்யும், அகலத் திரையில் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள், ஆனாலும் ஓடும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கு போட்டு ஆடிய தலைமுறைக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு 24ஹெச்2 என்ற பெரிய அப்டேட்டை விட்டது. அதை ஏற்றியவர்களில் சிலர் விசித்திரமான புகாரோடு வந்தார்கள். விளையாட்டு திறக்கிறது, சேமித்த ஆட்டம் ஏறுகிறது, கார், பைக், ஹெலிகாப்டர் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, ஸ்கிம்மர் மட்டும் இல்லை. ஸ்கிம்மர் என்பது தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன விமானம். வழக்கமாக அது நிற்கும் இடங்களுக்குப் போனால் வெறும் தண்ணீர்தான். ட்ரெய்னர், அதாவது நினைத்த வண்டியை வரவழைக்கும் குறுக்குவழி மென்பொருள், வைத்து வரவழைத்தாலும் வருவதில்லை.

பழைய விளையாட்டு புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்றால் பொதுவாகப் பெரிதாக ஏதாவது உடையும். திரை கறுப்பாகும், சத்தம் வராது, இல்லையென்றால் திறந்தவுடனே மூடிக்கொள்ளும். இருநூற்றுச் சொச்சம் வண்டிகளில் ஒன்றே ஒன்று மட்டும் மாயமாவது அந்த ரகம் இல்லை. அதனால்தான் இந்த வழக்கை எடுத்து எழுதத் தோன்றியது. நானும் எத்தனையோ பழைய விளையாட்டுகளை உயிர்ப்பித்துப் பார்த்தவன்தான், காரணம் இவ்வளவு சுத்தமாக அடிவரை தோண்டப்பட்ட இன்னொரு வழக்கைக் காட்டச் சொன்னால் சட்டென்று சொல்ல முடியாது.

தோண்டியவர் சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத் தொகுப்பை எழுதுபவர். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றுக்கும் பல வருஷமாக இந்தப் பேட்ச் இருக்கிறது. விளையாட்டு தொடங்கும்போது கூடவே நினைவகத்தில் ஏறி, அசல் நிரலில் இருக்கும் பிழைகளை அங்கங்கே ஒட்டுப்போடும். ஸ்கிம்மர் புகார் அவரிடம் போனதற்குக் காரணமே இந்தப் பேட்ச்தான். விளையாட்டில் எது கெட்டாலும் முதலில் பேட்ச்மேல்தானே பழி விழும்? ஆனால் பேட்ச் போடாத அசல் விளையாட்டிலும் இதே கதைதான். இன்னொன்றும் தெளிவானது. 24ஹெச்2-வுக்கு முந்தைய விண்டோஸில், அதே விளையாட்டில், அதே ஸ்கிம்மர் சமர்த்தாக நிற்கிறது. ஆக மாறியது விண்டோஸ் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர், "மைக்ரோசாஃப்ட் மறுபடியும் கெடுத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

அவர் போகவில்லை. ஸ்கிம்மரை வலுக்கட்டாயமாக வரவழைத்து, நாயகன் சீஜேவை அதன் இருக்கையில் நேரடியாக உட்கார வைத்துப் பார்த்தார். விமானம் காணாமல் போகவில்லை, மேலே போயிருக்கிறது. எவ்வளவு மேலே என்றால், உயரம் மீட்டரில் கிட்டத்தட்ட 10-இன் 31-ஆம் அடுக்கு, ஒன்றுக்குப் பின்னால் 31 சுழியம். ஒளியாண்டில் சொன்னால் பத்து கோடி கோடிக்கும் மேல். நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டமே 9,300 கோடி ஒளியாண்டுதான். அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் தள்ளி, ஒரு சின்ன கடல் விமானத்தில் சீஜே உட்கார்ந்திருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் விளையாட்டு உறைந்துவிடும். அதற்கும் காரணம் உண்டு. விமானத்தின் புரொப்பெல்லர் சுற்றச் சுற்ற அதன் கோணம் ஏறிக்கொண்டே போகும். முழு வட்டத்தைத் தாண்டினால் நிரல் அதிலிருந்து ஒரு வட்டத்தின் அளவை, ரேடியனில் 6.28 சொச்சத்தை, கழிக்கும். இன்னும் அதிகமாக இருந்தால் மறுபடி கழிக்கும், வரம்புக்குள் வரும்வரை விடாது. சாதாரண நாளில் ஒருமுறை கழித்தால் முடிந்தது. ஆனால் விளையாட்டு பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணுக்கு ஏழு இலக்கத் துல்லியம்தான். எண் அவ்வளவு பிரம்மாண்டமாகிவிட்டால் அதிலிருந்து 6.28 கழித்தாலும் அதே எண்தான் திரும்ப வரும். கழி, பார், இன்னும் பெரிது, கழி, பார், இன்னும் பெரிது. முடிவே கிடையாது.

சரி, அந்த உயரம் எங்கிருந்து வந்தது? ஒரு வண்டியை உலகில் வைக்கும்போது, அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று விளையாட்டு கணக்குப் போடும். அதற்குச் சக்கரத்தின் அளவும் சஸ்பென்ஷன் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். ஸ்கிம்மரின் சக்கர அளவு கோமாளித்தனமான எண்ணாக இருந்தது. சஸ்பென்ஷன் கணக்கு அதை நம்பியது, வண்டியைச் சுற்றிக் கற்பனையாகப் போடும் மோதல் பெட்டி அண்டசராசரத்துக்கு நீண்டது, விமானம் அந்தப் பெட்டியின்மேல் ஏறி நின்றது. உயரக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, கொடுத்த எண்தான் குப்பை.

குப்பை எப்படி வந்தது என்பதற்கு வண்டிகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும். விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் வெஹிக்கிள்ஸ்.ஐடிஈ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. நோட்பேடிலேயே திறக்கலாம், வெறும் எழுத்துதான். ஒரு வண்டிக்கு ஒரு வரி: எண், பெயர், எந்த வகை, எவ்வளவு அடிக்கடி தெருவில் வரும் என்று காற்புள்ளி போட்டு வரிசையாக இருக்கும். கார், விமான வரிகளின் கடைசி நான்கு இடங்கள் சக்கரம் தொடர்பானவை. அதில் இரண்டு முன்சக்கர அளவும் பின்சக்கர அளவும். 460-ஆம் எண் ஸ்கிம்மர். அதன் வரியில் இந்த நான்கும் இல்லை, அதற்கு முன்னாலேயே வரி முடிந்துவிடுகிறது.

யாரோ மறந்துவிட்டார்கள் என்று கடந்து போகலாம், ஆனால் மறதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்கிம்மர் முதலில் வந்தது வைஸ் சிட்டியில். அங்கே அதன் வகை விமானம் இல்லை, படகு! வைஸ் சிட்டியின் நிரலில் அது இறக்கை முளைத்துப் பறக்கும் படகாகத்தான் இருந்தது. படகுக்குச் சக்கரம் கிடையாது, அதனால் படகு வரிகளில் சக்கர அளவும் கிடையாது. சான் ஆண்ட்ரியாஸில் முறையான விமானங்கள் வந்தபோது ஸ்கிம்மரின் வகையை விமானம் என்று மாற்றினார்கள். வரியின் வால் மட்டும் படகின் வாலாகவே நின்றுவிட்டது. இந்த விளையாட்டின் நிரலில் விமானம் என்பது காரின் வாரிசு. காருக்குச் செய்யும் சஸ்பென்ஷன் கணக்கெல்லாம் விமானத்துக்கும் நடக்கும். படகு தனிக் குடும்பம், அந்தக் கணக்குப் பக்கமே போகாது. ஸ்கிம்மர் படகாகவே இருந்திருந்தால் இந்த ஓட்டை ஆயுளுக்கும் வெளியே தெரிந்திருக்காது.

அப்படியானால் 2005-லிருந்தே அது பறந்து போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை? வழக்கின் ருசியான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அந்த ஃபைலை வரி வரியாகப் படிக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு), ஒவ்வொரு வரிக்கும் முன்சக்கர அளவு, பின்சக்கர அளவு என்று சில வேரியபிள்களை, அதாவது எண் வைக்கும் பெட்டிகளை, ஸ்டேக்கில் வைத்துக்கொள்கிறது. ஸ்டேக் என்பது ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் தற்காலிக நினைவிடம். வரியில் கிடைக்கும் எண்களை அதில் நிரப்பச் சொல்லி எஸ்ஸ்கேன்எஃப் என்ற சி மொழியின் ஆயத்த ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. சி மொழி தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், எங்கே போகிறேன் என்று புரிந்திருக்கும். எஸ்ஸ்கேன்எஃப் எத்தனை இடங்களை நிரப்பியது என்ற எண்ணிக்கையைத் திருப்பித் தரும். விளையாட்டு அதைப் பார்க்கவில்லை. வேரியபிள்களுக்குத் தொடக்க மதிப்பும் வைக்கவில்லை. வரி பாதியில் முடிந்தால் மிச்ச வேரியபிள்கள் தொடப்படாமல் அப்படியே இருக்கும். தொடப்படாத ஸ்டேக் இடத்தில் என்ன இருக்கும்? அதற்கு முன் அங்கே குடியிருந்தவர் விட்டுப்போனது இருக்கும். லாட்ஜ் அறையில் முந்தைய ஆள் விட்டுப்போன சோப்பு மாதிரி.

அந்த முந்தைய ஆள் யார் என்பதும் தெரியும். 459-ஆம் வரி, டாப்ஃபன் என்ற வேன், விளையாட்டுக்குள் பெர்க்லியின் ஆர்சி வேன் என்று வரும். அதன் முன்சக்கர அளவு 0.7, பின்சக்கர அளவு 0.7. டாப்ஃபன் வரியைப் படித்து முடித்ததும் அதே ஃபங்ஷன் அடுத்த வரிக்காக மறுபடி அழைக்கப்படுகிறது, அதே இடத்திலிருந்து அழைக்கப்படுவதால் வேரியபிள்களும் ஸ்டேக்கில் அதே முகவரியில் வந்து உட்காருகின்றன, போன தடவை எழுதிய 0.7 இன்னும் அழியாமல் இருக்கிறது, ஸ்கிம்மர் அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு வேனின் சக்கரத்தை இரவல் வாங்கி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறது. 0.7 அதற்குப் பொருத்தமாகவும் இருந்துவிட்டதால் எவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

இதெல்லாம் நிற்பது ஒரே ஒரு நம்பிக்கையில். இரண்டு வரிகளுக்கு நடுவில் அந்த ஸ்டேக் இடத்தை வேறு யாரும் அழிக்கக் கூடாது. ஆனால் நடுவில் ஒரு வேலை நடக்கிறது, அடுத்த வரியை ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும் எஃப்கெட்ஸ் என்ற ஃபங்ஷன் அந்த ஃபைலை வேறு த்ரெட் (அதே விளையாட்டில் இணையாக ஓடும் இன்னொரு வேலை) தொடாதபடி பூட்டி, படித்து, திறந்துவிடும். பூட்டைத் திறக்க விண்டோஸின் லீவ்கிரிட்டிக்கல்செக்‌ஷன் என்ற ஃபங்ஷனை அழைக்கும். அதற்கும் வேலை செய்ய ஸ்டேக்கில் கொஞ்சம் இடம் வேண்டும். பழைய விண்டோஸ்களில் அது எடுத்த இடம் 0.7 இருந்த இடம்வரை வரவில்லை, சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. 24ஹெச்2-வில் அந்தப் பூட்டு நிரலை மைக்ரோசாஃப்ட் மாற்றியமைத்திருக்கிறது, அது இன்னும் கொஞ்சம் அதிகம் ஸ்டேக் எடுக்கிறது, எடுத்த இடத்தில் தன் சொந்தக் கணக்கை எழுதிவைக்கிறது. 0.7 போனது. அங்கே கிடந்ததைச் சக்கர அளவு என்று ஸ்கிம்மர் எடுத்துக்கொண்டது. அப்புறம் நடந்ததுதான் மேலே பார்த்தது.

இதில் விண்டோஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை. தன் ஃபங்ஷன் எவ்வளவு ஸ்டேக் எடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. திரும்பி வந்த ஃபங்ஷன் விட்டுப்போன இடம் யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே ஒப்பந்தம்.

இருந்தாலும் இதற்கு நேரெதிரான ஒரு வரலாறும் உண்டு. விண்டோஸ் 3 காலத்து சிம்சிட்டியில் இதே குடும்பத்துப் பிழை ஒன்று இருந்தது. நினைவகத்தை விடுவித்துவிட்டு, விடுவித்த கையோடு அதையே மறுபடி படிக்கும். பழைய விண்டோஸில் அந்த நினைவகம் உடனே வேறு யாருக்கும் போகாததால் ஓடியது. விண்டோஸ் 95 தயாரானபோது சோதனையில் சிம்சிட்டி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் ஆட்கள் விளையாட்டைப் பிரித்து மேய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்து, ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுக்காமல் விட்டுவைக்கும் தனி ஏற்பாட்டை விண்டோஸுக்குள்ளேயே வைத்தார்கள். வியாபாரமாகப் பார்த்தால் புத்திசாலித்தனம்தான். புது விண்டோஸ் வாங்கியவனின் பழைய விளையாட்டு ஓடவில்லை என்றால் அவன் திட்டப்போவது விண்டோஸைத்தான். ஆனால் ஒவ்வொரு விளையாட்டின் பிழைக்கும் இப்படி இயங்குதளத்தில் மூலைக்கு மூலை விதிவிலக்கு வைத்துக்கொண்டே போக முடியாது. ஸ்கிம்மர் விஷயத்தில் திருத்தம் விளையாட்டின் பக்கம் வந்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வேலையைச் சம்பளம் வாங்காத ஒருவர் செய்ய வேண்டியிருந்தது என்பது தனி வருத்தம்.

விளையாட்டைச் செய்த எடின்பரோவின் ராக்ஸ்டார் நார்த்தில் ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்கலாம். எழுதிய நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எச்சரித்திருக்காது. வேரியபிளின் முகவரியை எஸ்ஸ்கேன்எஃப்பிடம் கொடுத்துவிட்டால், அது நிரப்பிவிடும் என்று கம்பைலர் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். விஷுவல் சியில் ஒரு வசதி உண்டு. டீபக் பில்டில், அதாவது பிழை தேடுவதற்கென்று தயாரிக்கும் பதிப்பில், ஃபங்ஷன் தொடங்கும்போது ஸ்டேக் முழுக்க சிசி என்ற பைட்டை நிரப்பிவிடும், அதைத் தசம எண்ணாகப் படித்தால் கழித்தல் பத்து கோடிச் சொச்சம் வரும். அப்படி ஒரு பில்டில் யாராவது ஸ்கிம்மர் ஓட்டியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். பட்டியலில் டாப்ஃபனுக்குப் பதிலாக வேறு வண்டி முன்னால் இருந்திருந்தாலும் சக்கரம் கொஞ்சம் ஏறுமாறாகி யாராவது தலையைச் சொறிந்திருப்பார்கள். 0.7 சரியான எண்ணாக அமைந்ததுதான் துரதிர்ஷ்டம்.

இப்போது கைவேலை. உங்கள் கம்ப்யூட்டரில் 24ஹெச்2 இருக்கிறதா என்று தெரிய, ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்தால் போதும். இருந்தால் முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, ஐகானில் வலது கிளிக் செய்து விண்டோஸ் எக்ஸ்பி பொருந்துமுறையைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு அதனிடம் மருந்து இல்லை. அந்த வசதி விண்டோஸின் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்லும், சில அழைப்புகளை மடைமாற்றும், அடியில் ஓடுவது அதே 24ஹெச்2-வின் பூட்டு நிரல்தான். விளையாட்டை அழித்து மறுபடி நிறுவுவதும் வீண், அதே அரைகுறை வரிதான் திரும்ப வரும். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேலைக்கு ஆகும் வழி இரண்டு. ஒன்று, சைலன்ட்பேட்சின் புதிய பதிப்பைப் போடுவது. அது எஸ்ஸ்கேன்எஃப் அழைப்பை இடைமறித்து, வரியில் எண் இல்லையென்றால் நியாயமான மதிப்பை முன்கூட்டியே வைத்துவிடுகிறது. இன்னொன்று நாமே செய்வது. வெஹிக்கிள்ஸ்.ஐடிஈயை நகல் எடுத்து வைத்துவிட்டு, நோட்பேடில் திறந்து, 460 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். முடிவில் 5, 0, 0 என்று இருக்கும். அதற்குப் பின்னால் காற்புள்ளி போட்டு -1, 0.7, 0.7, -1 என்று சேர்த்துச் சேமியுங்கள், அவ்வளவுதான். விளையாட்டு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் நோட்பேடை நிர்வாகியாகத் திறந்தால்தான் சேமிக்க விடும். ஜாய்ஸ்டிக்கும் ட்ரெய்னரும் இல்லாத, ராக்கெட்மேன் என்று தட்டச்சு செய்து ஜெட்பேக்கில் சுற்றுவதோடு சரி என்கிற ஆளாக இருந்தால் இதைச் செய்யாமலே விடலாம், ஸ்கிம்மர் இல்லாத குறை உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

என் கட்சி பேட்ச்தான். ஸ்கிம்மருக்காக மட்டும் சொல்லவில்லை. புது கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டுக்கு வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு, மவுஸ் சில சமயம் நகர மறுப்பது போல. அதில் பலவற்றையும் அதே பேட்ச் பார்த்துக்கொள்கிறது. கூடவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்று கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டரை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்று கட்டிவைத்திருப்பது பார்க்கக் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் விளையாட்டின் இயற்பியல் கணக்குகள் சில ஃபிரேம் எண்ணிக்கையோடு முடிச்சுப்போடப்பட்டவை. ஃபிரேம் கூடக்கூட சீஜே தண்ணீரில் நீந்தும் வேகம் குறையும். நீந்தித்தான் தீர வேண்டும் என்கிற மிஷனில் போய் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

கையால் திருத்தியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புது கார்கள், புது விமானங்கள் சேர்க்கும் மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பு) பலவும் வெஹிக்கிள்ஸ்.ஐடிஈயை மொத்தமாகத் தன் ஃபைலால் மாற்றிவிடும். அந்த ஃபைல் 2005-இன் அசலிலிருந்து கிளைத்ததாக இருந்தால் 460-ஆம் வரி பழையபடி குட்டையாகத்தான் இருக்கும், ஸ்கிம்மர் மறுபடி கிளம்பிவிடும். மாட் போட்ட கையோடு அந்த வரியைத் திறந்து பாருங்கள். கூடவே, மாட் சேர்த்த புது விமானங்களின் வரிகளிலும் கடைசி நான்கு எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படகு வரியை நகலெடுத்து விமானமாக்கும் பழக்கம் மாட் எழுதுபவர்களிடமும் இல்லாமல் இல்லை.